மண்ணெண்ணெய் குடித்த மொறிஸ்

மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், வாழ்த்து வராது, ஆலோசனைதான் வரும். "உந்த எஞ்சினைத் தூக்கி எறிஞ்சுபோட்டு நிசான் ஒண்டை இறக்கும் தம்பி." தேநீர்க்கடையில் ஒருவர், பெற்றோல் அடிக்கிற இடத்தில் ஒருவர், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், எல்லோரிடமும் இதே மருந்துதான். பிழையான ஆலோசனை என்றும் சொல்ல முடியாது. நிசானின் சின்ன எஞ்சினையும் கியர்பொக்ஸையும் மைனருக்குள் இருத்தத் தெரிந்தவர்கள் இலங்கையில் நிறையப் பேர், சாமான் லேசாகக் கிடைக்கும், இழுவையும் கூட. ரோட்டில் ஓடுகிற மைனரின் பொனற்றைத் திறந்தால் உள்ளே ஜப்பான் எஞ்சின் இருப்பதில் ஒரு அதிசயமும் இல்லை.

நான் மாற்றவில்லை. பழசு என்றால் கும்பிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது; பிக்கப்பைப் பார்க்கப் போன அன்று பொனற்றுக்குள் கண்ட ஒரு செப்புக் குழாய்தான் காரணம். பெற்றோல் போகிற லைனை இடையில் வெட்டி, கையால் வளைத்த செப்புக் குழாய் ஒன்றை, எரிந்த புகை வெளியேறும் எக்ஸோஸ்ற் மனிபோல்டைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி, திரும்பக் காபரேற்றரில் கொண்டுவந்து முடித்திருந்தார்கள். இங்கே 90களில் வளர்ந்த யாருக்கும் அது என்னவென்று விளங்கும். இந்த எஞ்சினை யாரோ விஷயம் தெரிந்த ஆள் மண்ணெண்ணெய்க்குப் பழக்கி வைத்திருக்கிறார். அப்படியென்றால் வேறு என்னென்ன செய்திருப்பார், எதை அப்படியே விடலாம், எதைத் திருப்பி மாற்றவேண்டும் என்று பார்க்காமல் எஞ்சினைக் கழற்றி இரும்புக்கு நிறுத்துக் கொடுக்க மனம் வரவில்லை.

பிக்கப் 1960ஆம் ஆண்டுடையது. அளவெட்டியில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்திடம் இருந்தது. வெங்காயமும் புகையிலையும் சுன்னாகம் சந்தைக்கு ஏற்றின வண்டி. பிறகு கொட்டிலுக்குள் பல வருடம் நின்றுவிட்டது. விலை என்னவென்று எழுதினால் வீட்டில் பிரச்சினை வரும், விடுவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த நாட்டில் நான்கு சில்லு உள்ள எதற்கும் ஒரு விலை வந்துவிட்டது, ஐந்து வருடம் கழித்து இறக்குமதியைத் திறந்த பிறகும் அது முழுதாக இறங்கவில்லை, அவ்வளவுதான். ஒரு ஆறுதல்: மைனர் காருக்கு உடம்பேதான் சேஸி, அடித்தகடு உக்கினால் கார் முடிந்தது. பிக்கப்புக்கும் வானுக்கும் தனிச் சேஸி உண்டு. அதில் துரு மேலோட்டமாகத்தான் இருந்தது. பெட்டிக்குப் போட்டிருந்த பலகை மட்டும் கறையானுக்குப் போயிருந்தது.

மண்ணெண்ணெய்க் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எஞ்சினுக்குள் நான் கண்ட ஒவ்வொரு பழுதும் அங்கேதான் போய் முடிகிறது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். புது ஜப்பான் கார்களெல்லாம் கொட்டிலுக்குள் ஏற, மூலையில் கிடந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மைனர் எல்லாம் தூசி தட்டி வெளியே வந்தன. அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகின்றன என்பது) குறைவு, ஒற்றைக் காபரேற்றர், பொயின்ற் வைத்த இக்னிஷன், எங்கும் ஒரு ஸ்குறூ டிறைவர் நுழைய இடம்: இந்த எளிமைதான் அவற்றைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோனதும் அவைதான், கல்யாண மாப்பிள்ளையைக் கொண்டுபோனதும் அவைதான்.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சப் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதைக் காபரேற்றருக்குச் சொட்டுச் சொட்டாய் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எக்ஸோஸ்ற்றைச் சுற்றின அந்தச் செப்புக் குழாய் மண்ணெண்ணெயைச் சூடாக்கிக் கொடுக்கும். நிறுத்தப் போகும்போது கெட்டிக்காரர்கள் திரும்பவும் கொஞ்சம் பெற்றோலில் ஓட்டி நிறுத்துவார்கள், அடுத்த முறை ஸ்ராட் ஆக. கோட்பாடு புதிதல்ல, பேர்கூசன் உழவு இயந்திரத்தில் டிஈடி20 என்ற மொடல், மண்ணெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட தம்பியான டிராக்டர் வேப்பரைசிங் எண்ணெயில் ஓடவென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்டது. பெற்றோலில் தொடங்கிச் சூட்டில் மாற்றுகிற அதே முறை. அதை ஒரு மைனருக்கு, கையில் கிடைத்த செப்புக் குழாயை வைத்து, எங்கள் ஆட்கள் செய்தார்கள். புகை கண்ணை எரிக்கும், அந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

சரி, எஞ்சினுக்கு வருவோம். 948 சிசி, பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன்) ஏ-சீரிஸ். 1951 இல் ஒஸ்ரின் ஏ30 இல் 803 சிசியாகத் தொடங்கி 2000 வரைக்கும் மினிக்குள் ஓடிய அதே குடும்பம். மைனருக்கு 1956 இல் 948 வந்தது, 1962 இல் 1098. புதிதில் 37 குதிரைவலு. இன்றைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள்கூட அதைவிட அதிகம் தரும். ஆனால் அந்த 37 இலும் வெங்காயம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த வேலைக்கு எனக்கு வழிகாட்டியது சுன்னாகத்துப் பக்கம் கராஜ் வைத்திருந்து இப்போது ஓய்ந்திருக்கிற ஒரு ஐயா. வயது எண்பதுக்கு மேல், கண் கொஞ்சம் மங்கல், காது மட்டும் கூர்மை. நான் பற்றறியைக் கொண்டுவந்து வைத்ததும் கதிரையில் இருந்தபடியே சொன்னார்: "உதைக் கொழுவாதையும். முதல் எண்ணெயைக் கழட்டிப் பாரும்."

பல வருடம் நின்ற எஞ்சினை வாங்கியவர்கள் முதலில் செய்கிற காரியம் ஸ்ராட்டரை அடிப்பதுதான், ஓடிவிட்டால் ஒரு சந்தோஷம். சிலிண்டர் சுவரில் எண்ணெய் இல்லை, பேரிங்கில் எண்ணெய் இல்லை, பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங் ஒட்டிக் கிடக்கலாம், வால்வு கைட்டில் இறுகியிருக்கலாம். அந்த நிலையில் ஒரு நிமிடம் ஓடினாலும் முப்பது வருடத்தில் ஆகாத தேய்மானம் ஆகிவிடும். வாங்கிய ஆள் முதலில் செலவழிக்க வேண்டியது பொறுமையைத்தான், அது இலவசம்.

எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பின் நட்டைக் கழற்றினோம். வந்த எண்ணெய், வரவேண்டிய அளவைவிட அதிகம். தண்ணீர்போல் மெல்லிசு, மணம் அப்படியே குப்பி விளக்கு. எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டி வழிந்து சம்புக்குள் சேர்ந்திருக்கிறது. இது எல்லா மண்ணெண்ணெய் எஞ்சினுக்கும் உள்ள வியாதி: சுவரில் இருக்கிற எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்க் கீழே உள்ள எண்ணெயையும் கெடுக்கும். சம்பையே இறக்கிப் பார்த்தபோது அடியில் உளுத்தங்களிப் பதத்தில் கறுப்பாய் ஒரு படை. எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில் பாதி அடைபட்டிருந்தது. ஸ்ராட்டரை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஐயா வாயால் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

சம்ப் கழன்றிருக்கும்போதே, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்ரிங் றொட்டுகளின் தொப்பிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி பேரிங் செல் பார்த்தோம். ஒன்றும் நான்கும் சாம்பல் நிறத்தில் ஒழுங்காக இருந்தன, இரண்டிலும் மூன்றிலும் மேற்பூச்சு தேய்ந்து அடி உலோகம் தெரியத் தொடங்கியிருந்தது. கிராங்கை மைக்ரோமீற்றரால் அளந்தால் தேய்வு எல்லைக்குள். அதனால் கிராங்கைக் கழற்றவில்லை, செல்களை மட்டும் புதிதாய்ப் போட்டோம். மைனருக்குச் சாமான் கிடைக்காது என்று பயப்படுகிறவர்களுக்கு: கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் பாதி கிடைக்கும், மீதி இங்கிலாந்திலிருந்து வரும். அங்கே இன்னும் இந்த எஞ்சினுக்கு கஸ்கட் முதல் கிராங்க் வரை புதிதாய் விற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் பழுதுபார்க்கிற மைனர்களுக்கு ஒரு காலத்தில் தகடுகள் இலங்கையில் அடித்துத்தான் அனுப்பப்பட்டன.

பிளக் துவாரங்களுக்குள் டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து விட்டு ஊறவைத்தோம். பிறகு பம்பருக்கு நடுவில் உள்ள துவாரத்தால் கிராங்க் கம்பியைச் செருகி மெல்லச் சுற்றினோம். இந்தக் கம்பியைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்கவேண்டும், சுற்றிப் பிடிக்கக்கூடாது. எஞ்சின் திருப்பி உதைத்தால் பெருவிரல் முறியும். பிளக் இல்லாமல் சுற்றும்போது உதைக்க வழியில்லை. ஆனால் ஐயா அப்போதும் கையைத் தட்டிவிட்டார். பழக்கம் முதலிலேயே சரியாக வரவேண்டுமாம்.

சுற்றியது. அடுத்தது அழுத்தம் அளப்பது. ஒன்றாம் சிலிண்டர் சதுர அங்குலத்துக்கு 105 இறாத்தல், இரண்டு 95, நான்கு 100. மூன்றாவது 50. ஒரு தேக்கரண்டி எண்ணெயைப் பிளக் துவாரத்தால் விட்டுத் திரும்ப அளந்தால் மற்ற மூன்றும் நன்றாக ஏறின, மூன்றாவது அசையவில்லை. எண்ணெய் விட்டு ஏறினால் பழுது றிங்கில், ஏறாவிட்டால் வால்விலோ, எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவே கசிவை அடைக்கிற கஸ்கட்டிலோ. ஆக றிங்கில் கொஞ்சத் தேய்வு, மூன்றில் வால்வு. ஆனால் நல்லவை என்று சொல்கிற மூன்றுமே 8.3 அழுத்த விகிதமுள்ள எஞ்சினுக்கு மிகக் குறைவு. எண்ணெய் விட்ட பிறகும் வரவேண்டிய அளவுக்கு வரவில்லை. இது எனக்கு விளங்கவில்லை. ஐயாவுக்கு விளங்கியிருக்கவேண்டும், சிரித்துக்கொண்டு "ஹெட்டைக் கழட்டும், கதை வரும்" என்றார்.

ஒன்பது நட். ஹெட் ஒட்டிக் கிடந்தது, பக்கத்தில் மரச்சுத்தியலால் தட்டத் தட்ட விட்டுக்கொடுத்தது. தூக்கினால் ஹெட்டோடு ஒரு கஸ்கட் வருகிறது, கீழே பிளொக்கில் இன்னொரு கஸ்கட் இருக்கிறது. இரண்டு! ஒன்றின் மேல் ஒன்று. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, அழுத்தம் கூடினால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் போகும். அதற்கு அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். அதற்கென்று பள்ளமான பிஸ்டன் போட்ட குறை அழுத்த எஞ்சினைத் தொழிற்சாலை 7.2 விகிதத்தில் விற்றது. தடைக்காலத்தில் அதற்கு எங்கே போவது? இரட்டைக் கஸ்கட். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு சிலிண்டருக்கு 237 சிசி, 8.3 விகிதம் என்றால் மேலே மிஞ்சுகிற இடம் 32 சிசி சொச்சம், ஒரு மில்லிமீற்றர் அளவான இன்னொரு கஸ்கட் அதில் 3 சிசி கூட்டும், விகிதம் ஏறக்குறைய 7.7க்கு இறங்கும். கல்குலேற்றர் இல்லாமல், காதால் தட்டலைக் கேட்டு, ஒரு மனிதர் இதைச் செய்திருக்கிறார். பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்றிபியூற்றரும், பொறி கொஞ்சம் பிந்தி வரும்படி பின்னுக்குத் திருப்பப்பட்டிருந்தது, அதே காரணம்.

ஹெட்டைத் திருப்பிப் போட்டபோது மூன்றாவது எக்ஸோஸ்ற் வால்வின் விளிம்பில் ஒரு துண்டு இல்லை, எரிந்து போயிருந்தது. ஏ-சீரிஸ் ஹெட்டில் மொத்தம் ஐந்து வாசல்தான். இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸோஸ்ற் இரண்டும் நடுவில் ஒரே வாசலால் போகின்றன, அதனால் அந்த இடம்தான் எப்போதும் அதிகச் சூடு. எரிவதென்றால் அங்கேதான் எரியும். அதோடு நான்கு எக்ஸோஸ்ற் வால்வுகளும் தங்கள் இருக்கைக்குள் ஆழமாய்ப் புதைந்திருந்தன. இதுபற்றி வழக்கமாகச் சொல்லும் விளக்கம் ஈயம் இல்லாத பெற்றோல்: பழைய பெற்றோலில் இருந்த ஈயம் வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு மெல்லிய பாதுகாப்புப் படையாய் இருந்தது, அது போனதும் வெறும் வார்ப்பிரும்பு இருக்கை அடி வாங்குகிறது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 இல் நின்றது. ஆனால் மண்ணெண்ணெயில் எப்போதுமே ஈயம் இல்லையே. மற்ற ஊர்க் கார்கள் 2002க்குப் பிறகு படத் தொடங்கிய பாட்டை இங்கே உள்ளவை பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னாலேயே பட்டிருக்கின்றன என்பது என் ஊகம், இந்த இருக்கைகளின் ஆழம் அதைத்தான் சொல்கிறது.

ஹெட்டை லேத்துக்குக் கொடுத்து எக்ஸோஸ்ற் இருக்கை நான்கையும் வெட்டி எடுத்துக் கடினமான வளையம் இறக்கிக்கொண்டோம். இந்த ஒரு வேலையில் காசைப் பார்க்கக்கூடாது. எக்ஸோஸ்ற் வால்வுகள் புதிது, இன்லெற் பழசே போதும். வால்வு அரைப்பது நானே செய்தேன், அது ஒரு சுகமான வேலை. வால்வு முகத்தில் அரைக்கும் பசையைப் பொட்டுப் பொட்டாய் வைத்து, நுனியில் உறிஞ்சி உள்ள தடியை ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் முன்னும் பின்னும் உருட்டவேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். பசை தேயத் தேயச் சத்தம் மெலிந்து வழவழப்பாகும், அப்போது தூக்கி, கால் சுற்றுத் திருப்பி வைத்துத் திரும்பவும் உருட்டு. துடைத்துப் பார்த்தால் வால்வைச் சுற்றி உடையாத சாம்பல் வளையம் ஒன்று தெரியவேண்டும். தெரிந்த பிறகு ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, குழிகளுக்குள் பெற்றோல் விட்டு, வாசல் பக்கம் கசிகிறதா என்று பார்ப்பது. கசியவில்லை.

றிங்? அங்கே எனக்கும் ஐயாவுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். பிஸ்டனை மேலால் எடுத்துப் புது றிங் போடலாம், சம்ப் கழன்றுதானே இருக்கிறது என்பது என் கட்சி. சிலிண்டர் வாயில் விரல் நகத்தால் தடவி விளிம்பு பிடிக்கிறதா என்று பார்க்கச் சொன்னார், பிடித்தது கொஞ்சம்தான். புது றிங் அந்த விளிம்பில் அடிபட்டு உடையும், விளிம்பை வெட்டினால் பிறகு போர் அடிக்கவேண்டும் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது), போர் அடித்தால் பிஸ்டன் மாற்றவேண்டும், அது முடிவே இல்லாத வழி என்றார். "முதல் நல்ல எண்ணெயில ஓடட்டும். றிங் ஒட்டினதோ தேஞ்சதோ எண்டு ஓடினாத்தான் தெரியும்." விட்டுக்கொடுத்தேன். ஒற்றைக் கஸ்கட்டோடு, நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகிற ஒழுங்கில் 40 இறாத்தல்-அடிக்குப் படிப்படியாய் இறுக்கி ஹெட்டை இருத்தினோம்.

தண்ணீர் வழிதான் நான் எதிர்பாராத தொல்லை. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் காய்ச்சிப் பாருங்கள், அடியில் வெள்ளைப் படை நிற்கும். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர். அதை வருடக்கணக்கில் றேடியேற்றரில் ஊற்றிக் கொதிக்கவைத்தால்? பிளொக்கின் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. கம்பியால் குத்தக் குத்த துருவும் சுண்ணாம்பும் கட்டிகட்டியாய் வந்தன. பக்கத்து வட்ட மூடிகளை, தண்ணீரில் துருப்பிடித்து மெல்லிய தகடாய்ப் போனவற்றை, கழற்றி உள்ளே சுரண்டிக் கழுவி, புது மூடி அடித்தோம். றேடியேற்றரை அதற்கென்று இருக்கிறவரிடம் கொடுத்து மேல் தொட்டியைக் கழற்றிக் குழாய்களுக்குக் கம்பி விட்டாயிற்று. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாத தேமோஸ்ராற் இல்லவே இல்லை, எங்கள் ஊரில் அதை முதல் நாளே கழற்றி வீசிவிடுவார்கள், வெக்கைக்குத் தேவையில்லையாம். நான் போட்டேன். எஞ்சின் அளவான சூட்டுக்கு விரைவாய் வந்தால்தான் எண்ணெயில் சேர்கிற பெற்றோலும் ஈரமும் ஆவியாகும். இப்போது கிணற்றுத் தண்ணீர் கிட்டவும் வராது, மழைநீரும் கூலன்ற்றும்தான்.

மின்சாரப் பக்கம் லூக்காஸ் கம்பனியின் சாமான். மைனர்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தது பற்றறியின் நேர் முனை உடம்பில் தொடுத்தபடி. இதில் யாரோ, ரேடியோ பூட்டவாக இருக்கும், மறுபக்கம் மாற்றியிருந்தார்கள். ஆனால் கொயிலின் இரண்டு வயரையும் மாற்றவில்லை. அப்படி விட்டாலும் எஞ்சின் ஓடும், ஆனால் பொறி மெலியும், ஏனென்றால் பிளக்கின் சூடான நடு முனையிலிருந்து பாயவேண்டியது எதிர்ப்பக்கமிருந்து பாயவேண்டியிருக்கும். வயரை இடம் மாற்றினால் முடிந்தது. டைனமோவுக்கும் புது முனையைப் பழக்கவேண்டும்: எப் என்ற சின்ன முனைக்குப் பற்றறி உயிர் வயரை ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும். பொயின்ற் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), பிளக் 25 தௌ.

காபரேற்றர் எஸ்யூ எச்2. அதற்குள் ஒரு பிஸ்டன் காற்றின் இழுவைக்கு ஏறி இறங்கும், அதோடு ஊசி ஒன்று ஜெற்றுக்குள் ஏறி இறங்கிப் பெற்றோலை அளந்து விடும். இவ்வளவுதான் அதன் தத்துவம், இதைவிட அழகான காபரேற்றரை நான் பார்த்ததில்லை. மண்ணெண்ணெய்க்காக ஜெற் நன்றாகக் கீழே இறக்கப்பட்டிருந்தது, ஊசியை எமரித் தாளால் தேய்த்து மெலிதாக்கியும் இருந்தார்கள். அந்த ஊசி பெற்றோலுக்கு உதவாது, புதிது. ஜெற்றைச் சுற்றியிருந்த கார்க் வளையங்கள் காய்ந்து சுருங்கிப் போயிருந்தன, அவற்றையும் மாற்றினோம், இல்லாவிட்டால் எஞ்சின் கொட்டிலுக்குள் பெற்றோல் சொட்டிக்கொண்டே இருக்கும். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டொக்' என்று விழவேண்டும். விழுந்தது. செப்புக் குழாயைக் கழற்றினேன், ஆசையால் விட்டுவைக்கிற சாமானல்ல அது. பெற்றோலை எக்ஸோஸ்ற்றில் சுற்றி ஓட்டினால் ஒன்றில் குமிழி கட்டி நிற்கும் அல்லது தீப்பிடிக்கும்.

வால்வு இடைவெளி 12 தௌ, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. இதற்கு ஒரு கணக்கு உண்டு, தெரியாதவர்களுக்காக: எந்த வால்வு முழுதாய்த் திறந்து நிற்கிறதோ அதன் இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழி, வருவதைச் சரிபார். எட்டு திறந்திருந்தால் ஒன்று, ஆறு திறந்திருந்தால் மூன்று. புத்தகமே தேவையில்லை. இக்னிஷனுக்கு ஒரு சின்னப் பல்ப் போதும். டிஸ்றிபியூற்றரின் வயருக்கும் உடம்புக்கும் இடையில் பல்பைக் கொழுவி, கிராங்க் புல்லியின் வெட்டை அடையாளத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, டிஸ்றிபியூற்றரை மெல்லத் திருப்பினால் பொயின்ற் திறக்கிற அந்தக் கணத்தில் பல்ப் எரியும். அங்கே இறுக்கு.

புது எண்ணெய் 20டபிள்யூ-50, புது பில்ற்றர். பிளக் இல்லாமல் ஸ்ராட்டரைச் சுற்றவிட்டோம், டாஷில் உள்ள எண்ணெய் விளக்கு அணைகிறவரைக்கும். அணைந்த பிறகுதான் பிளக் ஏறியது. சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்ப் சத்தமில்லை. ஸ்பனரால் ஒரு தட்டு, டிக் டிக் டிக் என்று தொடங்கிக் காபரேற்றர் நிரம்பியதும் தானாக நின்றது. சோக்கை இழுத்து ஸ்ராட்டரை அடித்தேன். இருமியது, திரும்பவும் இருமியது, பின்னால் வெள்ளைப் புகை ஒரு மூட்டை, பிறகு நான்கும் ஒன்றாய்ப் பிடித்தது. ஐயா கதிரையிலிருந்து எழும்பவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கொஞ்சம் ரிச்" என்றார். எஸ்யூவில் அதைப் பார்க்க வழி இருக்கிறது: ஓடும்போது பிஸ்டனை ஒரு மயிரளவு தூக்கினால் வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெற்றோல் கூட, உடனே சாகப் பார்த்தால் குறைவு, ஒரு கணம் ஏறித் திரும்ப இறங்கினால் சரி. தூக்கிப் பார்த்தேன், ஏறி நின்றது. மனிதர் காதாலேயே சொன்னது. ஜெற் நட்டை ஒரு முகம் மேலே ஏற்றினேன், சரியானது.

சூடேறி ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைத் திரும்ப இறுக்கி, வால்வு இடைவெளியையும் திரும்பப் பார்த்தாயிற்று. புதுக் கஸ்கட் அமுங்கும், இதை விட்டால் எல்லாம் வீண். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு எண்ணெயைக் கழற்றினேன், உள்ளே இருந்த அழுக்கெல்லாம் கழுவிக்கொண்டு கறுப்பாய் வந்தது, திரும்பப் புதிது ஊற்றினேன். அதற்குப் பிறகு அழுத்தம் அளந்தால் நான்கும் 135க்கும் 140க்கும் இடையில். றிங் தேய்ந்ததல்ல, பெரும்பாலும் ஒட்டிக் கிடந்ததுதான். நான் சொன்னபடி றிங் மாற்றப் போய்ப் போர் அடித்திருந்தால் ஒரு மாதச் சம்பளம் சும்மா போயிருக்கும். புகைப் பரிசோதனையும் தாண்டி, வரிப் பத்திரமும் எடுத்தாயிற்று.

நிசான்காரர்களுக்கு என் பதில் இவ்வளவுதான்: செலவைக் கூட்டிப் பார்த்தேன், ஒரு நிசான் எஞ்சினும் கியர்பொக்ஸும் வாங்கிப் பூட்டுகிற காசில் பாதிகூட வரவில்லை. இந்த எஞ்சினில் வயதால் போனது மிகக் குறைவு. போனதெல்லாம் மண்ணெண்ணெயாலும் கிணற்றுத் தண்ணீராலும்தான், அவற்றில் பாதி திட்டமிட்டு மாற்றியது, திருப்பி மாற்றினால் சரி. குடாநாட்டில் கொட்டிலுக்குள் கிடக்கிற பழைய வண்டி ஏதாவது வாங்கினால் அழுத்தம் குறைவென்று கண்டவுடனே எஞ்சின் முடிந்தது என்று முடிவெடுக்காதேயுங்கள், ஹெட்டைத் தூக்கிக் கஸ்கட்டை எண்ணிப் பாருங்கள்.

பின்பக்கம் எண்ணெய் சொட்டுகிறது. கிராங்கின் பின் முனையில் இந்த எஞ்சினுக்கு சீலே கிடையாது, எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ள ஒரு திருகு வெட்டு மட்டும்தான், ஆகவே அது சொட்டத்தான் செய்யும், கீழே ஒரு தட்டம் வைத்திருக்கிறேன். நிறுத்துவதுதான் இப்போது பிரச்சினை. பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, தரைக்குள் புதைந்து கிடக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ற்றைக் கழற்றினாலும் வெளியே இழுக்க விடாமல், முன் சில்லின் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கிறது. இதை வடிவமைத்தவரோடு எனக்குக் கொஞ்சம் கதைக்கவேண்டும். ஐயா வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.